மரியாதைக்கு ஒரு 'யூ'

திரௌபதிக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. வாய் செத்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பேச ஆரம்பித்தால் செங்கம் ரோட்டு ஆட்டோக்காரர்கள் சவாரியை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். அந்த ஒரு சொல் மட்டும்தான் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அவள் பிறந்த வீட்டில் அரிசிப் பானை காலியானால்கூட 'அரிசி நெறஞ்சி இருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால் இல்லாமை வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தால் அங்கேயும் மாமியார் அதே பாடத்தைத்தான் வைத்திருந்தாள்.

ஆகவே திரௌபதி 'பார்க்கலாம்' என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். மண்வெட்டி இரவல் கேட்டு வந்தவரிடம் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கழுத்துச் சங்கிலி கேட்ட ஓரகத்தியிடம் பார்க்கலாம். கேட்டவர்களுக்கும் விஷயம் புரிந்துவிடும். காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்து நடப்பார்கள். யாருக்கும் மனசு நோகாது. நல்ல ஏற்பாடுதான், உள்ளூருக்குள் இருக்கும்வரை.

திருவண்ணாமலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் 'சோணகிரி இல்லம்' என்று எட்டு அறை விடுதி ஒன்று இருந்தது. முதலாளி இராமலிங்கத்துக்கு ஊருக்குள் சிமெண்ட் கடை; பக்கத்து வேங்கிக்காலில் இன்னொரு விடுதியும் கட்டிக்கொண்டிருந்தார். விடுதிக்குச் சாயங்காலம் ஒரு நடை வந்து, குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். திரௌபதி அங்கே அறை கூட்டத்தான் சேர்ந்தாள். பன்னிரண்டாவது பாஸ், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும் என்பது தெரிந்ததும் சாவிக்கொத்து அவள் கைக்கு வந்தது, அப்புறம் ரிஜிஸ்டர் வந்தது. இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. போன் ஒயரைச் செருகினால் அது கொஞ்ச நேரம் கொர்ரென்று கத்தும். பிறகு கடல் தாண்டி இருக்கிறவர்களின் கடிதம் கண்முன் வந்து நிற்கும்.

அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவளுக்கு வாழ்க்கையிலேயே பிடித்த வேலை. அதுவரை அவள் 'ரூம் கூட்டற அம்மா'. இப்போதோ எங்கேயோ பனி பெய்கிற ஊரிலிருந்து 'டியர் திரௌபதி' என்று அவள் பேர் போட்டு எழுதினார்கள். ரேஷன் கார்டில்கூடப் பேரைத் தப்பாக அடித்திருந்தார்கள். இவர்கள் ஓர் எழுத்து பிசகாமல் எழுதினார்கள். மேசைக்கு முன்னால் ஒரு பச்சை ஒயர் நாற்காலி. பழைய புடவையில் தானே ஒரு மெத்தை தைத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள். அதில் உட்காரும்போது முதுகு தானாக நிமிரும்.

அவள் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்றுதானே ஆரம்பிக்க வேண்டும்? வெந்நீர் உண்டா என்று கேட்ட ஹாலந்துக்காரர் ஒருவருக்கு, நான் இங்கே நலம், நீங்கள் அங்கே நலமா, வீட்டில் எல்லோரும் நலமா என்று அரைப் பக்கம் எழுதினாள். அவர் தன் முழங்கால் வலியைப் பற்றி இரண்டு பத்தி எழுதி அனுப்பினார். வெந்நீரை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கும். ஆவணியில் கிளாடியா என்ற ஜெர்மன்காரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்பது பேர் வருகிறோம், கார்த்திகை தீபத்துக்கு ஐந்து அறை வேண்டும், கிடைக்குமா என்று கேட்டிருந்தார். தீபத்துக்கா? எட்டு அறையும் சென்னைக்காரக் குடும்பங்களுக்கு. இந்த வருஷத் தீபத்துக்கு வந்தவர்கள் அடுத்த வருஷத் தீபத்துக்கும் சொல்லி வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவார்கள். இடம் கிடையாது, அவ்வளவுதான் விஷயம்.

திரௌபதி மனசுக்குள் வழக்கமான பதிலைத் தமிழில் எழுதிக்கொண்டாள். 'தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி. பார்க்கலாம்.' பிறகு அதை ஆங்கிலத்தில் ஏற்றினாள். 'வி வில் சீ' என்று அடித்துப் பார்த்தாள். மொட்டையாக இருந்தது. பெரிய மனுஷிக்கு எழுதும்போது இப்படி மொட்டையாகவா முடிப்பது? மரியாதைக்கு ஒரு 'யூ' சேர்த்தாள். 'வி வில் சீ யூ ஃபார் தீபம்.' திருப்தியாக அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

தீபத்துக்கு முதல் நாள் பகல் பதினோரு மணிக்கு, வாசலில் வேன் வந்து நின்றது. ஒன்பது பேர், பதினேழு பெட்டி. கிளாடியா இறங்கி வந்து திரௌபதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். தீபத்தன்று உங்களைச் சந்திப்போம் என்று நீங்கள் அன்பாக எழுதியிருந்தீர்களே என்று கடிதத்தின் நகலையும் எடுத்து நீட்டினார். கெட்ட நேரத்துக்கு, அந்தச் சமயம் பார்த்து இராமலிங்கமும் வந்து சேர்ந்தார்.

அன்றைக்குத் திருவண்ணாமலையில் அறை கேட்பதும் ஒன்றுதான், ஆகாயத்தில் இடம் கேட்பதும் ஒன்றுதான். நாலு விடுதிக்குப் போன் போட்டாகிவிட்டது. கடைசியில் திரௌபதி அதே வேனில் ஏறி, எல்லோரையும் அடி அண்ணாமலையில் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். அவள் புருஷன் அருணகிரி அப்போதுதான் மல்லாட்டை மூட்டைகளை உள்ளறையில் அடுக்கி முடித்திருந்தார். ஒன்பது வெள்ளைக்காரர்களைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், அத்தனை வேர்க்கடலை மூட்டையையும் திரும்ப வெளியே தூக்கி அடுக்கினார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

மறுநாள் மலை உச்சியில் தீபம் ஏறியதை ஒன்பது பேரும் அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தார்கள். ஒருவர் அழவும் செய்தார். ஆனால் முதுகு வலிக்காரர் ஒருவர் தரையில் படுத்து எழுந்திருக்க முடியாமல் தவித்தார்; ஒன்பது பேருக்கு ஒரே கழிப்பறை. கிளம்பும்போது கிளாடியா கோபப்படவில்லை. மெதுவாக, அவளுக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நீங்கள் 'நோ' என்று எழுதியிருந்தால் நாங்கள் ஜனவரியில் வந்திருப்போம். 'நோ' எங்களுக்கு வலிக்காது, திரௌபதி. தெரியாமல் இருப்பதுதான் வலிக்கும்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது நேராக நெஞ்சில் போய்த் தைத்தது.

மறுவாரம் ஒரு சாயங்காலம் வந்தபோது, இராமலிங்கம் நின்றபடியே சொன்னார். "இத பார், திரௌபதி. உன்ன நான் திட்டல. ஆனா இங்கிலீசு சமாச்சாரம் இனிமே சரிப்படாது. வேலூர்ல என் தங்கச்சி ஜோதியம்மாள் இருக்கா இல்ல, அவ பையன் அன்பரசன் எம்.பி.ஏ. படிச்சிட்டு சும்மா இருக்கான். மாசி ஒண்ணாந் தேதி வந்து மேசையில ஒக்காரட்டும். நீ முன்ன மாதிரி ரூம் பக்கம் பார்த்துக்க. அவனுக்குக் கொஞ்ச நாள் எல்லாம் சொல்லிக் குடு. இன்னா சொல்றே?"

முடியாது என்று மனசு கத்தியது. வாய் மட்டும் "பார்க்கலாங்க" என்றது.

"சரி, அப்ப முடிஞ்சுது" என்று அவர் கிளம்பிவிட்டார்.

பார்த்தீர்களா அநியாயத்தை? ஜெர்மன்காரம்மாவை விடுங்கள், பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற மனிதர், அவருமே 'பார்க்கலாம்' என்பதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டு போகிறார். தனக்குத் தோதாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தம் வேண்டுமானாலும் வந்துவிடும்போல.

நாலு நாள் கழித்துக் கிளாடியாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புகாராக இருக்கும் என்று பயந்துகொண்டே திறந்தாள். உள்ளே, மல்லாட்டை மூட்டைகளைத் தூக்கிய உங்கள் கணவருக்கு எங்கள் நன்றி என்று ஒரு வரி. கீழே ஓர் இணையதள முகவரி. வேலைக் கடிதங்கள் எழுதக் கற்றுத்தரும் படிப்பு, காசு கட்ட வேண்டாம், வாரம் ஒரு பாடம், மொத்தம் பன்னிரண்டு. எழுதி அனுப்பினால் யாரோ திருத்தி அனுப்புவார்கள்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை விருந்தாளிகள் தூங்குவார்கள். அந்த நேரத்தில் திரௌபதி படித்தாள். திருத்துகிறவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கடைசியில் 'எம்' என்று ஓர் ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும். முதல் பாடமே அவளுக்கு ஆகவில்லை. என்ன வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல், என்றது அது.

"மொதல் வரியிலயேவா?" என்று வீட்டில் அருணகிரியிடம் பொரிந்து தள்ளினாள். "வந்தவங்கள ஒக்காருன்னு சொல்லி, ஒரு சொம்பு தண்ணி குடுக்காம, எடுத்ததும் விஷயமா? இன்னா பழக்கம் இது?"

அருணகிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "நீதான் கேளேன் அவங்கள."

பழைய வெந்நீர்க் கடிதத்தையும் சேர்த்து அனுப்பிக் கேட்டே விட்டாள். எம் பதில் எழுதினார்: வரவேற்பு ஒரு வரி இருக்கட்டும், நல்லதுதான்; ஆனால் உங்கள் வாசகர் பத்து வரி நலம் படித்து முடிக்கும்வரை வெந்நீர் உண்டா இல்லையா என்று தெரியாமல் காத்திருக்கிறார். திரௌபதிக்கு ஹாலந்துக்காரரின் முழங்கால் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டாள். ஒரு சொம்பு தண்ணி போதும், கிணற்றையே இறைத்து ஊற்றாதே என்கிறார், அவ்வளவுதானே. அன்றிலிருந்து எம்மின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். தேதி எழுதினால் கிழமையும் எழுது. 'சீக்கிரம்' என்று எழுதாதே, எத்தனை மணிக்கு என்று எழுது. ஒவ்வொரு பாடத்தையும் அவள் அந்தந்த வாரத்துக் கடிதத்திலேயே போட்டுப் பார்த்தாள். ஆச்சரியம், பதில்கள் சுருக்கமாக, சந்தோஷமாக வந்தன. பௌர்ணமிக்கு வந்த லண்டன் தம்பதி, பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதுவரை உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தோம் என்றார்கள்.

தை மாதம் ஏழாம் பாடம் வந்தது. தலைப்பே 'மறுப்பது எப்படி'. முதலில் இல்லை என்று சொல். காரணத்தைச் சொல். உன்னால் எது முடியுமோ அதைச் சொல். மூன்றே படி. யாராவது ஒருவருக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதி அனுப்பு.

திரௌபதி கற்பனையாக ஒரு விருந்தாளிக்கு எழுதினாள்: உங்கள் நாய்க்கு அறை தருவது கொஞ்சம் கஷ்டம். எம் திருப்பி அனுப்பினார். கடிதத்தில் 'இல்லை' எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். மறுபடி எழுதினாள்: நாய்க்கு அறை பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை வேறு வழியில்லாமல் 'நோ' என்று போட்டு, ஆனால் உங்கள் நாய் மிகவும் நல்ல நாய் என்று ஆறு வரி சேர்த்தாள். எம் அதற்கு ரொம்பப் பொறுமையாகப் பதில் எழுதினார். 'இல்லாத நாய்க்கு எழுதுவதால்தான் வரவில்லை. உங்களுக்கு நிஜமாகவே கொடுக்க மனமில்லாத ஒன்று இருக்கும். அதைக் கேட்டவருக்கு எழுதுங்கள்.'

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொடுக்க மனமில்லாதது எதுவென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். மாசி பிறக்கப் பத்து நாள் இருந்தது.

அன்றைக்கே எழுதிவிட்டாள், ஆங்கிலத்தில், முதலாளிக்கு. ஒரு வரிகூடச் சுற்றி வளைக்கவில்லை; அதை எம்முக்கு அனுப்பினாள். மறுநாளே எம் பதில் போட்டார். ஏழாம் பாடம் தேறிவிட்டீர்கள் என்று ஒரு வரி. அதன் கீழே, 'அவருக்கு இது கிடைத்துவிட்டதா?' என்று இன்னொரு வரி.

கிடைக்கவில்லை. அவள் கொடுத்தால்தானே கிடைக்கும். பயிற்சிக்கு எழுதியதுதானே என்று அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு ஐந்து நாளை ஓட்டினாள். ஆறாம் நாள், சோறு சாப்பிடும்போது அருணகிரியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"குடுத்துட்டு, அவரு வேலைய வுட்டே நிறுத்திட்டா?" என்றார் அவர்.

"நிறுத்திட்டா வீட்ல இருக்கேன். குடுக்காம போனா, என் நாற்காலிய நானே தொடச்சி இன்னொருத்தருக்குப் போடணும். அது என்னால ஆவாதுங்க."

சொன்ன பிறகுதான் கவனித்தாள். 'ஆவாது' என்று தன் வாயிலிருந்து வந்திருந்தது. அருணகிரியும் கவனித்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டு, "அப்ப குடுத்துடு" என்றார்.

தமிழில், முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்.

'அன்புள்ள ஐயா, வணக்கம். மேசை வேலையை விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. தீபத்துக்கு நடந்தது என் தப்பு. இல்லை என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டேன். அதன் பிறகு வேலைக் கடிதம் எழுத இணையத்தில் படித்து வருகிறேன். இந்த இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒருவர்கூடத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நகல்கள் இத்துடன் உள்ளன. வேங்கிக்காலில் தாங்கள் கட்டும் புது விடுதிக்கு அன்பரசன் வருவதானால், அவருக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் சந்தோஷமாகச் சொல்லித் தருகிறேன். தங்கள் முடிவை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, திரௌபதி.'

சாயங்காலம் இராமலிங்கம் வந்தார். குழாயைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் உறையை நீட்டினாள். சம்பளம் கூடக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பார், சிரித்துக்கொண்டே பிரித்தார். சிரிப்பு முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது, எடுத்ததும் இல்லைன்னு போட்டுக்கிற?"

"அதாங்க விஷயம். அப்புறம் போட்டா நீங்க அதுவரைக்கும் காத்திருக்கணும்."

அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். நகல்களைப் புரட்டினார். ஆங்கிலம் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்; ஆனால் இவை அவருக்கே புரிந்தன. ஒரு கடிதத்தை விரலால் தொட்டு வரிவரியாகப் படித்து முடித்து, 'அட' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் உறைக்குள் போட்டு மடித்தார்.

"சரி, பார்க்கலாம்" என்று திரும்பினார்.

பழைய திரௌபதியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் அழுதிருப்பாள். இவள் நகரவில்லை.

"ஐயா, பார்க்கலாம்னா சரிங்களா, இல்லைங்களா?"

முப்பது வருஷமாகச் சிமெண்ட் கடையில் ஆயிரம் பேருக்குப் பார்க்கலாம் சொன்னவர். ஒருத்தர் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றார். அவர் திரும்பி வந்து, விருந்தாளிகள் உட்காரும் பெஞ்சியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, மாட்டிக்கொண்ட முகம்.

"எனக்குச் சரிதாம்மா. இவ்ளோ சுத்தமா எழுதறவள எழுப்பிட்டு நான் யார ஒக்கார வைக்கப் போறேன்? ஆனா என் தங்கச்சி இருக்காளே. தீபாவளிக்கு வந்தப்ப, பையனுக்கு உன் விடுதில ஒரு வேல குடுண்ணான்னு கேட்டா. நான் பார்க்கலாம்னுதான் சொன்னேன். சத்தியமா அவ்ளோதான் சொன்னேன். அவ சரின்னு எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டா. இப்ப கூடப் பொறந்தவளுக்கு எப்டிம்மா இல்லைன்னு சொல்றது?"

திரௌபதி அவரையே பார்த்தாள். இரண்டு மாதமாக எந்த மனிதருக்குப் பயந்து தூக்கம் கெட்டாளோ, அந்த மனிதருக்கும் அவளுக்கும் ஒரே வியாதி. சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். பச்சை நாற்காலியை இழுத்துப் போட்டு, மெத்தையைத் தட்டிச் சரிசெய்து உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள்.

"நான் எழுதித் தரேங்க. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

இராமலிங்கம் பெஞ்சியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "அன்புத் தங்கச்சி ஜோதிக்கு, இங்க எல்லாரும் நலம், அங்க மாப்பிள்ளை, கொழந்தைங்க எல்லாரும் நலமா, மழையெல்லாம் எப்படி..."

"நலம் ஒரு வரி போதுங்க" என்றாள் திரௌபதி. அதை எழுதி முடித்தாள். அடுத்த வரியின் தொடக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, அவர் அந்தச் சொல்லைச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.